இரண்டு நடனங்களில் ஒருவரை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பிரிட்ஜர்ட்டன் என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்தில் நடக்கும் ரீஜென்சி காதல் நாவல்கள் பக்கம் வந்திருக்கிறீர்கள். அலுவலகத் தோழி ஒருவர், ‘இதுதான் அசல், பழைய பாணி, சுத்தமான வகை’ என்று சொல்லி இரண்டு மூன்று புத்தகங்கள் கொடுத்திருக்கிறார். இருநூறு பக்கம் தாண்டியும் நாயகனும் நாயகியும் கையுறை போட்ட கையைப் பிடித்ததோடு சரி. இதில் அப்படி என்னதான் இருக்கிறது, ஒழுக்கமான புத்தகம் படிக்கிறோம் என்ற திருப்திக்காகத்தான் ஆட்கள் இதைத் தேடிப் போகிறார்களா என்று கேட்கிறீர்கள். அதாவது, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்ட பிறகு ஒரு காதல் கதையில் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் உங்கள் சந்தேகம். நிறைய இருக்கிறது. சொல்லப்போனால், அந்தக் கதவைச் சாத்துவதால்தான் இந்த வகைக்கே உரிய ஒரு பெரிய விஷயம் கண்ணில் படுகிறது.

நான் கல்லூரியில் பல வருடங்கள் ஆங்கில நாவல் பாடம் எடுத்தவள். அதற்கு முன்பே, சென்னை வாடகை நூலகங்களில் முனை மடங்கிய பழைய பேப்பர்பேக்குகளாக இந்த நாவல்களைப் படித்து வளர்ந்தவள். ஆகவே இது ஒரு வாசகியின் பதில், இலக்கிய ஆசிரியையின் பதில். வரலாற்று ஆய்வாளரின் பதில் இல்லை. சட்டங்கள், தேதிகள், நாவல்களுக்குள் இருப்பவை பற்றி உறுதியாகவே சொல்வேன். வாசகர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்ற பகுதி என் அனுபவமும், என்னிடம் படித்தவர்கள் வகுப்பில் சொன்னதும் சேர்ந்த கணிப்பு. அங்கே வேறு ஒருவர் வேறு மாதிரி சொன்னால் அதற்கும் இடம் உண்டு.

முதலில் காலம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆட்சி செய்ய முடியாமல் போனபோது, 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் பதில் ஆட்சியாளராக, ‘ரீஜென்ட்’ ஆகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. கணக்குப்படி ஒன்பது வருடம்தான். நாவல் எழுதுபவர்கள் முன்னும் பின்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள். ஜேன் ஆஸ்டினின் ஆறு பெரிய நாவல்களும் அச்சேறியது இந்த வருடங்களில்தான்: 1811-இல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’, 1813-இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, அவர் இறந்த 1817-ஆம் ஆண்டின் கடைசியில் ‘பெர்சுவேஷன்’ உட்பட இரண்டு. ஆனால் ஆஸ்டின் ரீஜென்சி நாவல் எழுதவில்லை. தான் வாழ்ந்த காலத்தைப் பற்றி எழுதினார், அவ்வளவுதான். அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு தனி வகையாக ஆக்கியவர் ஜார்ஜெட் ஹேயர். 1902-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். 1935-இல் வந்த ‘ரீஜென்சி பக்’ நாவலில் தொடங்கி அவர் போட்ட பாதையில்தான் பிறகு வந்த எல்லோரும் நடந்தார்கள். அமெரிக்கப் பதிப்பகங்கள் சிக்னெட், ஜீப்ரா போன்ற பெயர்களில் மெல்லிய பேப்பர்பேக் வரிசைகளாக இவற்றை வெளியிட்டன. 2005, 2006 வாக்கில் அந்த இரண்டு வரிசைகளும் நின்றுபோயின. இன்று மின்னூல்களாலும் சிறு பதிப்பகங்களாலும் இந்த வகை மறுபடி உயிரோடு இருக்கிறது. உங்கள் தோழி சொன்ன ‘பழைய பாணி’ என்பது ஹேயர் வழி வந்த இந்த மரபு. ‘சுத்தமான’ என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் கேள்வியே எழுகிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நாவல்களைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது அன்றைய சட்டம். அது தெரியாவிட்டால் இவை வெறும் நடனமும் தேநீருமாகத்தான் தெரியும். திருமணமான பெண்ணுக்கு அன்று சட்டத்தின் கண்ணில் தனியாக ஆள் என்ற நிலையே கிடையாது. அவள் கொண்டுவந்த பணம், அவள் சம்பாதித்த பணம் எல்லாம் கணவனுடையது. முன்கூட்டியே வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதியிருந்தால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. இந்த நிலை மாற ஆரம்பித்ததே 1870-இலும் 1882-இலும் வந்த சட்டங்களால். பிள்ளைகள் மீதான உரிமை தந்தைக்கே. பிரிந்துபோன தாய் சிறு குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று சட்டம் வந்தது 1839-இல். மறுமணம் செய்யக்கூடிய முழு விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை நாடாளுமன்றமே தனியாக ஒரு சட்டம் போட வேண்டும். அதற்கான செலவு பெரும் பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். அதிலும் ஒரு பெண் கேட்டு வாங்கியது மிக மிக அபூர்வம்.

இப்போது இதை இருபது வயதுப் பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். வாழ்நாளில் அவள் தானாக எடுக்கப்போகும் பெரிய முடிவு ஒன்றே ஒன்று. எடுத்த பிறகு திரும்ப முடியாது. ஆள் குடிகாரனாக, கஞ்சனாக, கொடுமைக்காரனாக இருந்தால் சாகும் வரை அவனோடுதான். இத்தனை பெரிய முடிவுக்கு அவளிடம் இருக்கும் தகவல் என்ன? முறையாக அறிமுகம் செய்துவைக்காத ஆணோடு பேசக்கூடாது. தனியாக ஓர் அறையில் அவனோடு இருக்கக்கூடாது. நிச்சயம் ஆகாதவனுக்குக் கடிதம் எழுதக்கூடாது. ஒரே மாலையில் ஒருவனோடு இரண்டு சுற்றுக்கு மேல் ஆடினால் ஊர் பேச ஆரம்பித்துவிடும். ஆக, நாலு பேர் நடுவில் நடக்கும் சில மணி நேர உரையாடலை வைத்துக்கொண்டு ஒருவனுடைய குணத்தை அவள் கணித்தாக வேண்டும்.

மரபான ரீஜென்சி நாவலின் கதை இதுதான். ‘இவனுக்கு என்னைப் பிடிக்குமா’ என்பது மேலோட்டமான கேள்வி. ‘இவன் எப்படிப்பட்டவன்’ என்பதுதான் அடியில் ஓடும் கேள்வி. நாயகி அதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். வாசகரான நாமும் அவளோடு சேர்ந்து, அவளுக்குக் கிடைக்கும் அதே துண்டுத் தகவல்களை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். வேலைக்காரரிடம் அவன் பேசும் தொனி, தங்கையை நடத்தும் விதம், கூட்டத்தில் ஆடத் துணை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவன் கவனிக்கிறானா, தோற்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று எல்லாமே சாட்சியம் ஆகிவிடுகின்றன. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் நாயகன் டார்சியைப் பற்றி நாயகி எலிசபெத்தின் மனம் திரும்ப முக்கியமான காரணங்களில் ஒன்று, அவன் வீட்டு நிர்வாகியான முதிய பெண்மணியின் சாட்சி. நாலு வயதிலிருந்து அவனைத் தெரியும், இதுவரை ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறாள் அவள். ஒரு முத்தத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

நடு இரவில் ஓடிப்போகும் கதைகளும் இதே கணக்கில் வருகின்றன. 1753-இல் நிறைவேறிய திருமணச் சட்டப்படி இங்கிலாந்தில் கல்யாணம் செய்ய வேண்டுமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், அல்லது உரிமம் வாங்க வேண்டும். இருபத்தொரு வயதுக்குக் கீழே இருந்தால் உரிமத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சின்ன ஊருக்கு வண்டியைப் பறக்கவிடுகிறார்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் எலிசபெத்தின் தங்கை லிடியா அங்கே போவதாகத்தான் கடிதம் எழுதிவைக்கிறாள். கூட்டிப்போனவனுக்கு அந்த எண்ணமே இல்லை. அவள் ஒருத்தியின் பெயர் கெட்டால் மற்ற நான்கு சகோதரிகளின் கல்யாணமும் போய்விடும் என்ற பயத்தில் அந்த வீடே ஆடிப்போகிறது. இந்த ஆபத்தை உணர்ந்து படிக்கிறவருக்கு அது ஒரு திகில் கதைக்குச் சமம்.

தொடுதல் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, அதற்கு ‘பெர்சுவேஷன்’ நாவலில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஆன் என்ற நாயகிக்கு இருபத்தேழு வயது. எட்டு வருடங்களுக்கு முன்பு, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வென்ட்வொர்த் என்ற கப்பற்படை அதிகாரியோடு நடந்த நிச்சயத்தை முறித்துக்கொண்டவள். இப்போது அவர் வசதியோடு திரும்பி வந்திருக்கிறார், அவளிடம் விறைப்பாக நடந்துகொள்கிறார். அடிபட்டுப் படுத்திருக்கும் ஒரு சிறுவனுக்குப் பணிவிடை செய்துகொண்டு ஆன் மண்டியிட்டிருக்கிறாள். சிறுவனின் இரண்டு வயதுத் தம்பி அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். அறையில் இருக்கும் இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டிப் பார்க்கிறார், பலனில்லை. திடீரென்று பாரம் குறைகிறது. யாரோ குழந்தையின் கைகளைப் பிரித்துத் தூக்கிவிட்டார்கள். யார் என்று புரியும்போது அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அவரும் நன்றி கேட்க விருப்பமில்லாதவர் போல் குழந்தையோடு சத்தமாக விளையாட ஆரம்பித்துவிடுகிறார். அடுத்த அத்தியாயத்தில் ஒரு நீண்ட நடை. அவள் களைத்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை, அவர் கவனிக்கிறார். வண்டியில் வரும் தன் அக்காவிடம் ஏதோ சொல்லி, ஒரு வார்த்தை பேசாமல் களைத்திருந்தவளை வண்டியில் ஏற்றிவிடுகிறார். அவ்வளவுதான் நடக்கிறது. அதற்குள் அவருடைய கோபம் இன்னும் தீரவில்லை என்பதும், அக்கறை போகவே இல்லை என்பதும், இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடுகின்றன என்பதும் தெரிந்துவிடுகிறது. வகுப்பில் இந்தப் பகுதியை வாசித்தால், அதுவரை மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் தலை நிமிர்ந்துவிடுவார்கள்.

கடிதமும் அப்படித்தான். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் மேரியன் லண்டன் போனதும் தான் காதலிக்கும் வில்லபிக்குக் கடிதம் எழுதுகிறாள். அதைப் பார்த்த அக்கா எலினோர், அப்படியானால் இவர்களுக்குள் நிச்சயம் ஆகிவிட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறாள். ஆகவில்லை என்று பின்னால் தெரியும்போது அந்தக் கடிதத்தின் அபாயமும் மேரியனின் தனிமையும் சேர்ந்து நம்மைத் தாக்கும். 2000-இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் இந்த நாவலை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. படத்தை ரசித்தவர்கள் மூல நாவலில் இந்தக் கடித விஷயத்தைக் கவனித்துப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது இன்னொரு ஈர்ப்பு. காதல் கதை என்றால் பணம் அசிங்கம் என்ற பாசாங்கு இங்கே இல்லை. டார்சிக்கு வருடத்துக்கு 10,000 பவுண்டு என்பது அவன் அறைக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எலிசபெத்தின் அப்பாவுக்கு வருடம் 2,000 பவுண்டு வந்தாலும் சொத்து ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டப்பட்டிருப்பதால், அவர் கண்ணை மூடினால் மனைவியும் ஐந்து மகள்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்த ஆண் வாரிசான காலின்ஸ், பெண் கேட்கும்போதே எலிசபெத்திடம் கணக்குச் சொல்கிறான்: உனக்கு வரப்போவது நாலு சதவீத வட்டியில் 1,000 பவுண்டு, அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகு. அதாவது வருடம் 40 பவுண்டு. இதைக் கேட்ட பிறகும் அவள் வேண்டாம் என்கிறாள். அதே காலின்ஸை இருபத்தேழு வயதான அவள் தோழி ஷார்லட் ஏற்றுக்கொள்கிறாள். இரண்டு பேரில் யார் சரி என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். எனக்கு வயது ஏற ஏற ஷார்லட் மீது மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஹேயரிடம் இந்தக் கனம் குறைவு, சிரிப்பு அதிகம். கதைப்பின்னல் கடிகாரம் மாதிரி ஓடும். அந்தக் காலத்து உடை, குதிரை வண்டி, கொச்சைப் பேச்சு எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் சேர்த்து வைத்து எழுதியவர். ஆனால் அடியில் ஓடுவது அதே கேள்விதான். 1953-இல் வந்த ‘கோட்டிலியன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அழகும் துணிச்சலும் உள்ள ஒருவன் இருக்கிறான். வழக்கமான காதல் நாவல் என்றால் அவன்தான் நாயகன். ஃபிரெடி என்ற இன்னொருவன் இருக்கிறான்: எந்தக் கோட்டுக்கு எந்த வெய்ஸ்ட்கோட் பொருந்தும், எங்கே எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவன் என்று குடும்பமே நினைக்கும் ஆள். அந்த நாசூக்குக்குப் பின்னால் இருப்பது அடுத்தவரை எந்தச் சமயத்திலும் சங்கடப்படவிடாத ஒரு நல்ல மனம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வரும். 1961-இல் வந்த ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடனில் மூழ்கிய பிரபு, பணக்கார வியாபாரியின் அழகில்லாத மகளைப் பணத்துக்காகக் கல்யாணம் செய்கிறான். மனம் முழுக்க வேறொருத்தி. வாட்டர்லூ போர் வரை கதை போகிறது. கடைசியில் அந்தப் பழைய காதல் எரிந்து முடிந்துவிடுகிறது; மனைவியிடம் அவன் கண்டடைவது தினசரி வாழ்க்கையின் ஆறுதல். மின்னல் அடிக்கும் காதலை எதிர்பார்த்து வந்தவர்கள் இதைப் படித்து ஏமாந்துபோனதாகச் சொல்வார்கள். காதல் நாவல் என்ற பெயரில் வந்தவற்றில் கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டது குறைவு என்பது என் கட்சி.

சரி, ‘சுத்தம்’ என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒழுக்கத்துக்காகவே தேர்ந்தெடுத்துப் படிப்பவர்கள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பின்னணி கொண்ட பதிப்பகம் ஒன்று இதற்கென்றே தனி வரிசை நடத்துகிறது. அம்மாவும் மகளும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கலாம், தலையணைக்கு அடியில் ஒளிக்க வேண்டாம் என்பதும் நிஜமான வசதி. எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. ஆனால் சுத்தம் மட்டும் ஒரு நாவலைக் காப்பாற்றாது. விதிகளைச் சுவர் அலங்காரமாக மாட்டிவைத்து, நாயகி ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவற்றை மீறி, அதற்கு ஒரு விலையும் கொடுக்காமல் வெளியே வந்தால், முத்தமே இல்லாவிட்டாலும் அந்த நாவலில் உயிர் இருக்காது. அப்படிப்பட்டவை இன்று நிறைய வருகின்றன. மறுபக்கம், படுக்கையறைக் காட்சி இருந்தும் இந்த மரபின் ஆதாரக் கேள்வியை விடாமல் பிடித்திருக்கும் நாவல்களும் உண்டு. உங்களுக்கு இருநூறு பக்கமும் அலுப்பாக இருந்ததென்றால், தோழி கொடுத்தது முதல் ரகமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்சிகள் சுத்தமாக இருக்கின்றன என்பதற்காக அந்த உலகம் சுத்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். வில்லபி ஏற்கனவே ஒரு பதின்ம வயதுப் பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டவன். ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கல்யாணமான பெண் வேறொருவனோடு ஓடிப்போகிறாள். ரீஜென்ட் இளவரசரே 1785-இல் சட்டத்துக்குப் புறம்பாக ரகசியக் கல்யாணம் செய்து, பத்து வருடம் கழித்து இன்னொருத்தியை ஊரறிய மணந்து, அவளையும் ஒதுக்கிவைத்தவர். அந்த இளவரசியின் கணவனான இவரைத் தான் வெறுப்பதாக ஆஸ்டின் 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம் ‘எம்மா’ நாவலை அதே ரீஜென்ட்டுக்குச் சமர்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது, சமர்ப்பித்தார். ஆபத்து வெளியே உண்மையாகவே காத்திருந்தது. அதனால்தான் கதவைச் சாத்தி வைப்பதற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

இந்த நாவல்களில் வரும் வரலாற்றை எவ்வளவு நம்பலாம் என்பதிலும் கவனம் தேவை. திருமணச் சட்டம், சொத்து, போர்த் தேதிகள் போன்றவற்றை ஹேயர் போன்ற நல்ல எழுத்தாளர்கள் பொதுவாகச் சரியாகவே தருகிறார்கள். லண்டன் கிங் தெருவில் இருந்த ஆல்மாக்ஸ் நடன அரங்கமும் நிஜம்தான்: புதன்கிழமை நடனம், உயர்குடிப் பெண்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்யும் அனுமதிச் சீட்டு, சாப்பிட ரொட்டியும் வெண்ணெயும் காய்ந்த கேக்கும். ஆனால் வெலிங்டன் பிரபுவையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று எல்லா நாவலிலும் வரும் கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முழங்கால் வரையிலான கால்சட்டைக்குப் பதில் நீளக் கால்சட்டை போட்டு வந்தார் என்பது ஒன்று, பதினொரு மணிக்கு மேல் வந்தார் என்பது இன்னொன்று. இது போன்ற பல கதைகளுக்கு மூலம் கேப்டன் குரோனோ என்பவரின் நினைவுக்குறிப்புகள். அவை அச்சானது 1860-களில், சம்பவங்கள் நடந்து அரை நூற்றாண்டு கழித்து. கிழவரின் ஞாபகம் என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது. நாயகிகள் பதினெட்டு வயதில் கல்யாணம் செய்வதும் நாட்டு வழக்கம் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் பெண்களின் சராசரித் திருமண வயது 23, 24 வாக்கில் இருந்தது. அப்புறம் டியூக் என்ற மிக உயர்ந்த பிரபுப் பட்டம் உள்ளவர்கள்: நிஜத்தில் அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் மொத்தமே 25, 30 பேருக்குள்தான், அதிலும் பாதிப் பேருக்கு மேல் வயதானவர்கள் அல்லது கல்யாணமானவர்கள். நாவல்களில் நடமாடும் இளம் டியூக்குகளுக்கு நாட்டில் இடம் போதாது.

இந்த வகை மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அது பார்க்க மறுக்கும் விஷயங்கள். ரீஜென்சி வருடங்கள் இங்கிலாந்தின் கொந்தளிப்பான வருடங்களில் சேர்த்தி. 1811 முதல் நெசவுத் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். 1815-இன் தானியச் சட்டம் ரொட்டி விலையை உயர்த்திப் பிடித்தது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள் மீது குதிரைப்படையை ஏவினார்கள். நடன விருந்துகளுக்கு இதன் சத்தம் வருவதே இல்லை. அடிமை உழைப்பில் வந்த மேற்கிந்தியப் பணமும், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணமும் அந்த மாளிகைகளைத் தாங்கி நின்றன. ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா, சீதனம் இல்லாத காரணத்தால் மாப்பிள்ளை தேடி 1752-இல் கப்பலேறி மெட்ராஸ் வந்தவர். அடுத்த வருடம் நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் ஒருவரை மணந்தார். பணமில்லாத பெண்ணுக்குக் கல்யாணச் சந்தை என்னவாக இருந்தது என்பது ஆஸ்டினுக்குக் குடும்பத்துக்குள்ளேயே தெரிந்த கதை. ‘நார்த்தேங்கர் ஆபி’ நாவலில் நாயகன் அசல் இந்திய மஸ்லின் துணியைக் கெஜம் ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கியதாகப் பெருமைப்படுகிறான். அந்தத் துணியை நெய்த கை யாருடையது என்று பின்னால் வந்த ரீஜென்சி நாவல்களில் பெரும்பாலானவை கேட்டதே இல்லை. ஹேயரிடம் இதைவிட மோசமான ஓர் இடமும் உண்டு. 1950-இல் வந்த ‘தி கிராண்ட் சோஃபி’ நாவலில் வரும் யூத வட்டிக்காரர் காட்சி அப்பட்டமான இன வெறுப்பு, அதுவும் ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்த கொடுமை உலகத்துக்கே தெரிந்த பிறகு எழுதியது. நாவலின் மற்ற பகுதிகள் எவ்வளவு கலகலப்பானவை என்று சொல்லி அதை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வகையிலேயே சாதாரணப் போர்வீரர்கள், கப்பற்படைக்காரர்கள், வேலைக்குப் போகும் பெண்கள் என்று எழுதிய கார்லா கெல்லி போன்றவர்கள் இருப்பது ஆறுதல்.

இவ்வளவு குறை தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்றால், முடிவு தெரிந்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கல்யாணத்தில்தான் முடியும் என்று தெரிவதால், என்ன ஆகுமோ என்று பதறாமல், ஒவ்வொரு பேச்சையும் நின்று கேட்க முடிகிறது. உடம்பு முடியாமல் கிடந்த நாட்களிலும் பரீட்சைத் தாள்கள் குவிந்த மாதங்களிலும் எனக்குக் கைகொடுத்தது இந்த நிம்மதி. ஹேயரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது. ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண், ஹேயரின் ‘ஃபிரைடேஸ் சைல்ட்’ கதையை ஞாபகத்திலிருந்தே சக கைதிகளுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லி எல்லோரையும் மனம் உடையாமல் பார்த்துக்கொண்டதாக, விடுதலைக்குப் பிறகு ஆசிரியருக்கு எழுதினாராம். பொழுதுபோக்கு நாவல் என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கையில் உள்ளதை ஓரமாக வைத்துவிட்டு ‘பெர்சுவேஷன்’ படியுங்கள். ஆஸ்டினின் பெரிய நாவல்களில் சின்ன அளவுள்ளவற்றில் ஒன்று அது. காப்புரிமை இல்லாததால் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாக்கியங்கள் நீளம்தான், முதல் மூன்று அத்தியாயம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ‘கோட்டிலியன்’. கொச்சைச் சொற்கள் புரியாவிட்டால் அகராதி தேடி நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள், ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ புத்தகத்தை மூன்று நான்கு ஹேயர் நாவல்கள் படித்த பிறகு எடுத்தால்தான் அது எதை மாற்றிச் செய்கிறது என்று தெரியும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. அதனால் ஹேயரை 2034 கடைசி வரை காசு கொடுத்தோ நூலகத்திலோதான் படிக்க வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் ஹேயர் பேப்பர்பேக்குகள் இன்னும் கண்ணில் படுகின்றன. அட்டையில் சட்டை அவிழ்ந்த நாயகன் இருந்தால் அது ஹேயராக இருக்காது, அடுத்த வரிசையைப் பாருங்கள்.